இலங்கைத் தீவின் பழம் நகரங்கள் நமக்குச் சொல்வது என்ன?

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



ஆறு நாள் உழைப்புக்குப் பின் கிடைக்கும் ஒரு நாள் ஓய்வையும் ஒதுக்கிவிட்டு, பிள்ளைகளையும் கைப்பிடித்து அழைத்துக் கொண்டு நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்காமல், சொல்ல வந்ததைச் சொல்லிவிட முயல்கிறோம்.

இலங்கை என்றதும் நம் வீடுகளில் மூன்று நினைவுகள் எழும். ஒன்று, பாட்டிமார் சொன்ன இராவணன் கதை. இன்னொன்று, ஒரு காலத்தில் தெருவெல்லாம் ஒலித்த இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை. மூன்றாவது, 1983 ஜூலையில் கடல் கடந்து வந்த அழுகுரல்.

2009 மே மாதம் போர் முடிந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விடப்பட்டது. நம் பகுதியிலும் சீட்டு எடுத்த பணத்தில் குடும்பத்தோடு போய் வருகிறவர்கள் உண்டு. அவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் கடற்கரை, யானை, தேயிலைத் தோட்டம் என்பார்கள். பழம் நகரங்களைப் பற்றிக் கேட்டால், பெரிய பெரிய கோபுரம், புத்தர் சிலை என்பதோடு நிறுத்திக் கொள்வார்கள். அந்த நகரங்களில் நம்மைப் போன்றவர்களைப் பற்றிய பேச்சு நிறைய இருக்கிறது. சங்கத்தினர் சிலர் சென்று பார்த்தவற்றையும், படித்து அறிந்தவற்றையும் சேர்த்து இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் அனுராதபுரம். கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே தலைநகராகி, பத்தாம் நூற்றாண்டின் இறுதிவரை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் தலைநகராகவே இருந்த ஊர் அது. அந்த வட்டாரம் மழை குறைந்த வறண்ட பூமி. அங்கே ஒரு பெருநகரம் எப்படி வாழ்ந்தது? ஏரிகளால் வாழ்ந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் காலத்தில் வெட்டப்பட்ட கலாவாவியிலிருந்து அனுராதபுரத்துக்கு ஒரு கால்வாய் வருகிறது. நீளம் ஐம்பது மைலுக்கும் மேல். அதன் முதல் பகுதியில் ஒரு மைலுக்குச் சில அங்குலந்தான் சரிவு. இன்றைய கருவிகள் எதுவும் இல்லாமல், தண்ணீர் மெல்ல நடந்து போகும்படி மண்ணை வெட்டியிருக்கிறார்கள். கட்டட வேலைக்குப் போகிற நம் தோழர்களுக்குத் தெரியும், ஒரு சாக்கடைக்கு வாட்டம் பார்ப்பதே எவ்வளவு நுட்பமான வேலை என்று!

அந்த ஊரில் ஜேதவனம் என்றொரு தாதுகோபம் இருக்கிறது. மகாசேன மன்னன் காலத்தில் தொடங்கியது. கட்டி முடித்தபோது உயரம் ஏறத்தாழ 400 அடி. ஒன்பது கோடிக்கும் மேற்பட்ட செங்கற்கள் அதில் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்து உலகில் எகிப்தின் இரண்டு பெரிய பிரமிடுகளைத் தவிர அதைவிட உயரமான கட்டடம் இல்லை என்கிறார்கள். ஒரு செங்கல்லுக்கு எத்தனை கை மாறியிருக்கும்? மண் குழைத்த கை, சூளை வைத்த கை, சுமந்த கை, அடுக்கிய கை! மன்னன் பெயர் நமக்குத் தெரியும். அந்தக் கைகளுக்கு உரியவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது.

இதே அனுராதபுரத்தில் தமிழ் மன்னன் ஒருவன் 44 ஆண்டுகள் ஆண்டான் என்று சொல்கிறது மகாவம்சம். அவன்தான் எல்லாளன். சோழ நாட்டிலிருந்து வந்தவன். பகைவன், நண்பன் என்று பாராமல் நீதி வழங்கினான் என்று, அவனை வென்றவன் தரப்பில் நின்று எழுதப்பட்ட நூலே கூறுகிறது. அவனைப் போரில் வென்ற துட்டகைமுனு, அவன் உடலுக்கு மரியாதை செய்து நினைவிடம் எழுப்பி, அந்த வழியே போகிறவர்கள் மேளதாளத்தை நிறுத்திவிட்டுப் போக வேண்டும் என்று ஆணையிட்டானாம். பகைவன் சமாதிக்கு முன் பறை அடங்க வேண்டும் என்பது எவ்வளவு பெரிய பண்பாடு!

மன்னர்கள் கதை போகட்டும். அனுராதபுரத்தில் ஒரு பாறைக் கல்வெட்டு உண்டு. கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்தது. பிராமி எழுத்து, பிராகிருத மொழி. தமிழ்க் குடும்பத்தலைவர்கள் கூடுவதற்காகத் தமிழனான சமணன் என்பவன் அமைத்த மேடை இது என்கிறது அது. அதோடு விடவில்லை. இது இன்னார் இருக்கை, இது இன்னார் இருக்கை என்று வரிசையாகப் பெயர் பொறித்திருக்கிறார்கள். அதில் ஒருவன் மரக்கலம் ஓட்டும் நாவிகன்.

தோழர்களே! நம் சங்கக் கட்டடத்தில் விசிறி வாங்கிக் கொடுத்தவர் பெயரையும், பெஞ்சு போட்டவர் பெயரையும் எழுதி வைத்திருக்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றுதான்! பிழைக்கப் போன ஊரில் நாலு பேர் கூடி உட்கார ஓர் இடம் வேண்டும் என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் எண்ணியிருக்கிறார்கள். அதற்கு அந்த ஊர் இடமும் கொடுத்திருக்கிறது.

அனுராதபுரத்துக்குத் தெற்கே சிகிரியா. காட்டுக்கு நடுவே அறுநூறு அடிக்கு நிமிர்ந்து நிற்கும் ஒற்றைப் பாறை. காசியப்பன் என்ற மன்னன் கி.பி. 477 முதல் 495 வரை அதன் உச்சியில் அரண்மனை கட்டி வாழ்ந்தான். பாறையிடுக்கில் தீட்டிய பெண்களின் ஓவியங்களைப் பார்க்கத்தான் எல்லோரும் ஏறுகிறார்கள். ஓவியத்துக்குக் கீழே கண்ணாடிச் சுவர் என்று ஒரு சுவர் இருக்கிறது. ஒரு காலத்தில் முகம் தெரியும்படி பளபளத்த சுவர். அரசன் போய், அரண்மனை பாழான பிறகு அங்கே வந்து பார்த்த மக்கள் தங்கள் மனத்தில் பட்டதைக் கவிதையாக அந்தச் சுவரில் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். துறவிகள், படைவீரர்கள், பெண்கள் என்று பலதரப்பினர். பேராசிரியர் பரணவிதான அவற்றில் 685 பாடல்களைப் படித்தெடுத்து 1956ல் நூலாக வெளியிட்டார். பழைய சிங்களக் கவிதையைப் படிக்க வேண்டுமானால் இன்று அறிஞர்கள் அந்தச் சுவரிடம்தான் போகிறார்கள். காசியப்பனின் ஆட்சி 18 ஆண்டுகளில் முடிந்தது. வழிப்போக்கர்களின் எழுத்து ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் நிற்கிறது.

அடுத்து பொலன்னறுவை. இங்கேதான் நாம் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் இராசராச சோழனின் படை இலங்கையின் வடபகுதியைப் பிடித்தது. பிறகு இராசேந்திரன் காலத்தில் சிங்கள மன்னனே சிறைப்பிடிக்கப்பட்டுச் சோழ நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டான். அனுராதபுரம் தலைநகர் என்ற நிலையை இழந்தது. பொலன்னறுவை சோழரின் ஆட்சி நகரமாகி, சனநாதமங்கலம் என்று பெயர் பெற்றது. மேடைகளில் இதைச் சொல்லி மார்தட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் சோழர் படை விகாரைகளை உடைத்துச் செல்வங்களை அள்ளிச் சென்றது என்று சூளவம்சம் எழுதி வைத்திருக்கிறது. கொள்ளையடிக்கப்பட்டவன் அதை மறப்பானா? நம் மன்னன் செய்தான் என்பதற்காகக் கொள்ளை வீரமாகிவிடாது. சோழன் அள்ளிய பொன்னில் தஞ்சைக் கூலி உழவனுக்கு ஒரு குந்துமணியாவது கிடைத்திருக்குமா?

சோழர் கட்டிய சிவன் கோயில் ஒன்று அங்கே இன்றும் முழு உருவோடு நிற்கிறது. சோழ அரசியின் பெயரால் வானவன் மாதேவி ஈசுவரம் என்று அழைக்கப்பட்டது. 1070 அளவில் விசயபாகு என்ற சிங்கள மன்னன் சோழரை விரட்டிவிட்டு ஆட்சியை மீட்டான். படையெடுத்து வந்தவன் கட்டிய கோயிலாயிற்றே என்று அதை இடித்துத் தள்ளியிருக்கலாம். இடிக்கவில்லை. இன்று அந்த நகரில் நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று அது.

அதைவிட வியப்பான செய்தி, புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டிருந்த கோயிலுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு கற்பலகை. அதில் இருப்பது தமிழ்! பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. வேளைக்காரர் என்ற தமிழ்க் கூலிப்படையினர், அந்தப் பல் இருக்கும் கோயிலையும் அதன் சொத்துக்களையும் உயிரைக் கொடுத்தும் காப்போம் என்று உறுதி ஏற்றதை அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சிங்கள மன்னன் கட்டுவித்த புத்தர் கோயிலுக்குக் காவல், சம்பளத்துக்கு வந்த தமிழ்ப் படை! அவர்களே விசயபாகு காலத்தில், சோழ நாட்டின் மீது படையெடுக்கச் சொன்னபோது மறுத்துக் கலகம் செய்து அடக்கப்பட்டவர்கள். பிறந்த மண்ணுக்கும் உண்ணும் சோற்றுக்கும் நடுவே நிற்கிறவன் படும் பாடு அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறது.

பொலன்னறுவையில் பராக்கிரமபாகு கட்டிய ஏரிக்குச் சமுத்திரம் என்றே பெயர். கரை மட்டும் எட்டு மைலுக்கும் மேல். கல்விகாரையில் ஒரே பாறையில் நான்கு புத்தர் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பள்ளிகொண்ட உருவம் 46 அடி நீளம். நிசங்கமல்லன் தன் புகழைப் பொறித்த 26 அடி நீளக் கற்பலகையைப் பார்க்கலாம். 25 டன் எடையுள்ள அந்தக் கல்லை மிகிந்தலையிலிருந்து கொண்டு வந்தோம் என்று அந்தக் கல்லிலேயே எழுதியிருக்கிறது.

இனித் தென்கோடியில் இருக்கும் காலி நகரத்துக்குப் போவோம். போர்த்துகீசியர் கட்டி, 1640ல் டச்சுக்காரர் பிடித்துப் பெரிதாக்கி, பின்னர் ஆங்கிலேயர் கைக்குப் போன கோட்டை நகரம் அது. 2004 சுனாமியில் ஊரின் வெளிப்பகுதி அழிந்தபோதும் கோட்டைக்குள் இருந்த பகுதி பெருமளவு தப்பியது. 1911ல் அந்த ஊரில் சாலையோர வாய்க்காலை மூடியிருந்த ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தார்கள். அதில் மூன்று மொழிகளில் எழுத்து இருந்தது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ 1409ல் எழுதுவித்துக் கொண்டு வந்த கல் அது. சீன மொழியில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தேனாவரை நாயனார் என்ற திருமாலுக்குக் காணிக்கை. பாரசீக மொழியில் அல்லாவைப் போற்றிக் காணிக்கை. மூன்று காணிக்கைகளும் ஏறத்தாழ ஒரே அளவு! ஒரு துறைமுகத்தில் வாணிபம் செய்ய வேண்டுமானால் மூன்று மொழிக்காரரையும், மூன்று சமயத்தாரையும் சமமாக மதிக்க வேண்டும் என்று அந்தக் கப்பல்காரனுக்குத் தெரிந்திருந்தது. இப்போது அந்தக் கல் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் குடும்பங்கள் போனால் அவசியம் பார்க்க வேண்டும்.

மலை நாட்டுக்கு வருவோம். கண்டி, சிங்கள அரசின் கடைசித் தலைநகரம். 1739 முதல் அங்கே ஆண்டவர்கள் மதுரைப் பக்கத்துத் தொடர்புடைய நாயக்கர் மரபினர். அவர்களில் ஒருவரான கீர்த்திசிறீ இராசசிங்கன் காலத்தில்தான், இலங்கையில் அற்றுப்போயிருந்த பிக்குகளின் உயர் தீட்சையை மீட்க 1753ல் சயாம் நாட்டிலிருந்து துறவிகளை வரவழைத்தார்கள். வெளியிலிருந்து வந்த மரபினன் அந்நாட்டின் பௌத்தத்தைத் தூக்கி நிறுத்தினான்! தலதா மாளிகை முன்பு நாம் காணும் ஏரி, கடைசி மன்னன் சிறீ விக்கிரம இராசசிங்கன் வெட்டுவித்தது. 1815ல் ஆங்கிலேயர் அவனைப் பிடித்து வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832ல் அங்கேயே இறந்தான். இன்றும் வேலூரில் அவன் சமாதி இருக்கிறது.

கண்டியில் பத்தினித் தெய்வத்துக்கு ஒரு கோயில் உண்டு. யார் அந்தப் பத்தினி? நம் கண்ணகிதான்! ஆண்டுதோறும் நடக்கும் எசல பெரகராவில் பல்லக்குகளோடும் யானைகளோடும் அவளுடைய ஊர்வலமும் போகிறது. தமிழகத்தில் அவள் பெயரால் நடக்கும் பெருவிழாக்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அங்கே சிங்களத் தாய்மார்கள் பிள்ளைக்கு அம்மை கண்டால் அவளை வேண்டிக் கொள்கிறார்கள்.

ஆக, எந்த நகரத்துக்குப் போனாலும் கல் ஒன்றையே சொல்கிறது. அந்தத் தீவைக் கட்டியது ஒரே இனம் அல்ல. வந்தவனும் இருந்தவனும் சேர்ந்துதான் கட்டினார்கள். அப்படியிருந்தும் என்ன நடந்தது? யார் முதலில் வந்தவன், யார் பின்னால் வந்தவன் என்ற சண்டைக்கு இந்தக் கற்களையே ஆயுதமாக்கினார்கள். 1981ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. காவல் காக்க வேண்டியவர்களே எரித்த கும்பலில் இருந்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 1985 மே மாதம் அனுராதபுரத்தில், புனித அரசமரத்தடி வரை சென்று நூற்றுக்கும் மேற்பட்ட சிங்களப் பொதுமக்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். 1998 ஜனவரியில் கண்டி தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்தது. நூலகத்தை எரித்தது அநியாயம் என்று சொல்லும் நம் வாய், வழிபட வந்தவர்களைக் கொன்றதும் அநியாயம் என்று சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்கிறவன் வரலாறு பேசவில்லை, கட்சி கட்டுகிறான். யாழ்ப்பாண நூலகம் மீண்டும் கட்டப்பட்டு 2003ல் திறக்கப்பட்டது. வெள்ளை வெளேரென்ற அந்தக் கட்டடத்தையும் உங்கள் பயணத்தில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

தாய்மார்களே! கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

கண்டியிலிருந்து நுவரெலியா போகும் வழியெல்லாம் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலத் தேயிலை. சுற்றுலா வருகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக் கொள்கிறார்கள். அந்த மலைகளைக் காடழித்துக் கோப்பித் தோட்டமாக்கியவர்கள், கோப்பிச் செடி நோயில் அழிந்தபின் தேயிலை நட்டவர்கள், பாதையும் ரயில் பாதையும் போட்டவர்கள் யார்? இராமநாதபுரம், திருச்சி, மதுரை, சேலம் என்று பஞ்சம் விரட்டிய ஊர்களிலிருந்து கங்காணி பின்னால் போன நம் மக்கள்! மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைவரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். விழுந்த இடத்தில் ஒரு கல் இல்லை. ஒரு பெயர் இல்லை.

அனுராதபுரத்து நாவிகனுக்கு இருக்கையில் பெயர் உண்டு. பொலன்னறுவைக் கூலிப்படைக்குக் கல்வெட்டு உண்டு. சிகிரியாவின் வழிப்போக்கனுக்குச் சுவர் உண்டு. தேயிலை மலையைப் படைத்தவனுக்கு லயத்தில் ஒரு காம்பரா மட்டும்தான் இருந்தது. எழுத்து இல்லாததால் என்ன ஆயிற்று தெரியுமா? 1948ல் அந்த நாட்டின் குடியுரிமைச் சட்டம் வந்தது. உன் தகப்பன் இங்கே பிறந்தானா, காகிதம் காட்டு என்றது. தகப்பன் இங்கே பிறக்கவில்லை என்றால், பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்றது. லயத்தில் பிறந்தவனிடம் காகிதம் ஏது? நாட்டைத் தாங்கிய மக்கள் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் அந்த 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்றார்கள். அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கே அவர்களைக் கள்ளத்தோணி என்றார்கள். கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் திரும்பி வந்தபோது நம் ஊர்க்காரர்களே சிலோன்காரன் என்றார்கள். அங்கேயே தங்கியவர்களில் எஞ்சியவர்களுக்கு 2003ல் வந்த சட்டத்தால்தான் குடியுரிமை கிடைத்தது. 55 ஆண்டு!

இங்கே மதராஸி என்றும், சொந்த ஊருக்குப் போனால் பம்பாய்க்காரன் என்றும் பெயர் வாங்கியிருக்கும் நமக்கு இந்த வலி புரியாதா?

கண்டி அருகே அந்தானையில் பழைய தொழிற்சாலை ஒன்றைத் தேயிலை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். இயந்திரங்களையும், 1867ல் தேயிலைத் தோட்டம் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரின் பொருள்களையும் அங்கே காணலாம். கம்பளைப் பக்கம், பழைய லயத்திலேயே தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. அவர்கள் புழங்கிய சாமான்களையும் பத்திரங்களையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சுற்றுலா வண்டிக்காரர் அங்கே தாமாக அழைத்துப் போகமாட்டார். நாம்தான் கேட்டுப் போக வேண்டும். முதலாவதைப் பார்த்தால் இரண்டாவதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

தோழர்களே! அந்தத் தீவுக்குப் போக முடிந்தவர்கள் போய் வாருங்கள். விகாரையில் செருப்பைக் கழற்றி, தொப்பியை எடுத்து, தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தி, அவர்கள் மரியாதையை நம் மரியாதையாக எண்ணிப் பாருங்கள். புத்தருக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். போக முடியாதவர்கள் வருந்த வேண்டாம். எல்லோரும் செய்யக்கூடிய ஒரு வேலையை இந்தக் கூட்டம் முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறோம்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். முதலில் இந்த நகரத்துக்கு வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு, எந்த ரயிலில், வந்து முதலில் பார்த்த வேலை என்ன என்று பெரியவர்களைக் கேட்டு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதட்டும். அப்பத்தாவுக்கும் அம்மாச்சிக்கும் நினைவிருக்கும்போதே எழுதட்டும். பிறப்புச் சான்று, ரேஷன் அட்டை, பள்ளிச் சான்றிதழ், பழைய சம்பளச் சீட்டு, வாடகைச் சீட்டு எதையும் எறியாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தண்ணீர் ஏறாத உயரத்தில் வையுங்கள். பிள்ளை பிறந்தால் பெயர் வைக்கும் நாள் வரை காத்திராமல் பிறப்பைப் பதிந்துவிடுங்கள். நோட்டுகளின் படிகளைச் சங்கத்தில் கொடுத்தால் நாம் பாதுகாத்து வைப்போம். எழுதத் தெரியாதவர்கள் வந்து சொன்னால், எழுதிக் கொள்ள இளைஞர்கள் இருக்கிறார்கள்.

அனுராதபுரத்தில் நம்மவர்கள் இருக்கையில் பெயர் வெட்டிக் கொண்டதால், இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் அவர்கள் அங்கே இருந்ததை யாரும் மறுக்க முடியவில்லை. நமக்குக் கல் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு போதும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு பக்கமாவது எழுதிக் கொண்டு வாருங்கள்.